வேலைக்குப் போக வர ஒரு பைக்: எதை வாங்குவது, எவ்வளவு கொடுப்பது? (கேள்வி பதில்)

ஷோரூம் சர்வீஸில் பல வருடம் இருந்துவிட்டு, இப்போது திருப்பூரில் சொந்தமாகப் பட்டறை நடத்துகிறேன். 100 சிசியிலிருந்து 125 சிசி வரை உள்ள வண்டிகளைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பெரிய வண்டிகளைப் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் இல்லை.

தாம்பரம், தொழிற்சாலை ஊழியர்: அண்ணா, ஒரகடம் போக வர தினமும் 55 கி.மீ. 100 சிசி போதுமா, 125 எடுக்கட்டுமா? எனக்கு மைலேஜ்தான் முக்கியம்.

முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம் தம்பி. மாதம் 25 நாள் என்றால் 1,375 கி.மீ. 100 சிசி வண்டி லிட்டருக்கு 60 கொடுத்தால் சுமார் 23 லிட்டர். 125 சிசி 50 கொடுத்தால் 27.5 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் மாதம் 460 ரூபாய் வித்தியாசம்.

இனி ரோட்டைப் பாருங்கள். உங்கள் வழியில் கன்டெய்னர் லாரிகளோடு ஓட வேண்டும். ஸ்பிளெண்டர் மாதிரி 97.2 சிசி, நாலு கியர் வண்டி 60 வரை சுகமாகப் போகும். அதற்கு மேல் ஒரு லாரியைத் தாண்ட முறுக்கினால் சத்தம்தான் கூடும், இழுவை கூடாது. ஷைன் 125, ரைடர் இரண்டிலும் ஐந்து கியர், முந்துவதற்குத் தேவையான இழுவை இருக்கிறது. அந்த 460 ரூபாயைப் பாதுகாப்புக்கான செலவாக நினைத்து 125 எடுங்கள்.

ஊருக்குள் தினம் 12 கி.மீ. ஓட்டுகிறவர்களுக்கு இதே கணக்கில் மாதம் 100 ரூபாய்தான் வித்தியாசம் வரும். ஆனால் மைலேஜ், மைலேஜ் என்று என்னிடம் அதிகம் கேட்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் பார்க்க வேண்டியது வாங்கும் விலையை.

மதுரை, கடை உரிமையாளர்: எக்ஸ்ஷோரூம் 80,000 என்று விளம்பரம். போய்க் கேட்டால் 1,03,000 என்கிறார்கள். இவ்வளவு எப்படிக் கூடுகிறது?

நல்ல கேள்வி, இதற்கு விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி, விலை ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12. உங்கள் வண்டிக்கு 8,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது இன்சூரன்ஸ். புது வண்டிக்கு ஐந்து வருடத்துக்குத் தேர்டு பார்ட்டி எடுப்பது 2018 செப்டம்பரிலிருந்து கட்டாயம். 75 முதல் 150 சிசி வரை அதற்கு 2022இல் நிர்ணயித்த கட்டணம் 3,851 ரூபாய். அதோடு ஒரு வருடம் வண்டிச் சேதத்துக்கு, ஓட்டுநர் விபத்துக் காப்பீட்டுக்கு, இவற்றின் மேல் ஜிஎஸ்டி என்று கூட்டினால் ஆறாயிரத்து ஐந்நூறுக்குப் பக்கம் வரும். ரிஜிஸ்ட்ரேஷன், ஸ்மார்ட் கார்டு, லோன் என்றால் ஹைப்பாதிகேஷன் (வண்டி கடனில் இருக்கிறது என்று ஆர்சியில் பதிவது) எல்லாம் சேர்த்தால் ஆயிரத்தை ஒட்டி நிற்கும். மொத்தம் 95,500. மிச்சம் ஏழாயிரத்து ஐந்நூறு எங்கே போகிறது என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது.

ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒன்று இருக்கும். அதைக் கொடுக்க வேண்டியதில்லை, வண்டியை ஷோரூமுக்குக் கொண்டுவந்து நிறுத்தும் செலவு எக்ஸ்ஷோரூம் விலையிலேயே இருக்கிறது. கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி, ரோடு அசிஸ்டன்ஸ் எல்லாம் உங்கள் விருப்பம், கட்டாயமில்லை. சாரி கார்டுக்கும் பின்னால் உட்காருபவர் பிடிக்கும் கைப்பிடிக்கும் தனியாகப் பணம் கேட்டால் தைரியமாக மறுங்கள். மத்திய மோட்டார் வாகன விதி 123இன்படி அவை வண்டியிலேயே இருக்க வேண்டியவை. ஹெல்மெட்டும் வண்டியோடு தரப்பட வேண்டும், அது விதி 138. நம்பர் பிளேட்டும் 2019 ஏப்ரலிலிருந்து வண்டியோடு வருவது. இன்சூரன்ஸை அங்கேதான் எடுக்க வேண்டும் என்பதும் இல்லை. வெளியே விசாரித்து, விலையைச் சொல்லிப் பேசுங்கள், பெரும்பாலும் அவர்களே குறைப்பார்கள்.

வாயால் சொல்லும் ஆன்ரோடு விலையை நம்பாதீர்கள். ஒவ்வொரு இனமும் தனித்தனி வரியாக, ஷோரூம் முத்திரையோடு கொட்டேஷன் வாங்குங்கள். அதைக் கேட்டதுமே பாதி இனம் காணாமல் போகும்.

இன்னொன்று. புளூடூத், கலர் மீட்டர் என்று விலை ஒரு லட்சத்தைத் தாண்டும் மாடலைப் பார்த்தால் வரியையும் சேர்த்துப் பாருங்கள். 99,000 வண்டிக்கு 9,900. 1,01,000 வண்டிக்கு 12,120. விலையில் 2,000 கூடினால் கையிலிருந்து 4,000க்கு மேல் போகிறது.

சேலம்: எது பெஸ்ட் பைக் சார்?

தினம் எவ்வளவு தூரம், எந்த ரோடு, பின்னால் யார் உட்காருவார்கள், பட்ஜெட் என்ன? இவை இல்லாமல் பதில் சொல்ல முடியாது.

ஈரோடு, நெசவுத் தொழிலாளி: 70,000 லோன், வட்டி பத்தே சதவீதம் என்கிறார்கள். மூன்று வருடம். எடுக்கலாமா?

பத்து என்பது எந்தப் பத்து என்று கேட்டீர்களா அண்ணா? அது பெரும்பாலும் ஃபிளாட் ரேட். 70,000க்கு வருடம் 7,000 வீதம் மூன்று வருடத்துக்கு 21,000. மொத்தம் 91,000ஐ 36 மாதத்துக்குப் பிரித்தால் டியூ 2,528 ரூபாய். நீங்கள் மாதாமாதம் அசலைக் கட்டிக் குறைத்துக்கொண்டே வந்தாலும் வட்டி மட்டும் முழு 70,000க்குக் கடைசி மாதம் வரை ஓடுகிறது. குறையும் அசலுக்கு வட்டி என்ற முறையில் பார்த்தால் இது ஏறக்குறைய 18 சதவீதம். பேங்கில் 12 சதவீதம் என்று சொன்னால் அதிகம் போலத் தெரியும், ஆனால் அதே தொகைக்கு டியூ 2,325தான் வரும். கடன் வாங்கும் எல்லாரும் வட்டி சதவீதத்தை விட்டுவிட்டு, மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுகிறோம் என்ற ஒரே எண்ணைக் கேளுங்கள். பிராசசிங் கட்டணமும் அதில் சேர வேண்டும்.

டியூ முடிந்ததும் பைனான்ஸில் என்ஓசியும் (கடன் பாக்கியில்லை, ஆட்சேபனையில்லை என்ற சான்று) ஃபாரம் 35உம் வாங்கி, ஆர்சியில் ஹைப்பாதிகேஷனை நீக்குங்கள். கடனை அடைத்துவிட்டு இதை மறந்தவர்கள் வண்டியை விற்கும்போது அலைகிறார்கள்.

கடலூர்: என் 2012 வண்டிக்கு இ20 பெட்ரோல் போடலாமா?

இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பங்கில் கிடைப்பது அதுதான், வேறு வழியில்லை. மைலேஜ் கொஞ்சம் குறையும். வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள், டேங்க்கில் தண்ணீர் இறங்க விடாதீர்கள், பெட்ரோல் ஹோஸ் விறைத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

ஒட்டன்சத்திரம், காய்கறி வியாபாரி: மார்க்கெட்டிலிருந்து கடைக்கு 6 கி.மீ. தினமும் இரண்டு மூட்டை. 100 சிசி பைக்கா, எக்ஸ்எல்லா?

யோசிக்கவே வேண்டாம், எக்ஸ்எல் 100. உங்கள் தூரத்துக்கும் சுமைக்கும் அதுதான்.

திருநெல்வேலி வாசகர் (மேலே உள்ள பதிலுக்கு): பைக் பற்றிய இடத்தில் மொபெட்டைச் சொல்கிறீர்களே? பைக்கில் கேரியர் கட்டினால் அதே மூட்டை ஏறாதா?

ஏறும். எங்கே ஏறுகிறது என்பதுதான் விஷயம். பைக்கில் மூட்டை சீட்டுக்குப் பின்னால், உயரத்தில், பின் சக்கர அச்சுக்கும் பின்னால் போகிறது. முன் சக்கரம் லேசாகி, ஹேண்டில்பார் ஆடும், மழையில் முன் பிரேக் பிடித்தால் வழுக்கும். எக்ஸ்எல்லில் முதல் மூட்டை காலுக்கு நடுவே தரையோடு உட்காருகிறது. சந்தைக்குள் நகர்ந்து நகர்ந்து போகும்போது பைக்கில் அரைக் கிளட்ச்சில்தான் ஓட்டியாக வேண்டும். சுமையோடு அப்படி ஓட்டிக் கருகிய கிளட்ச் பிளேட்டுகளை என் பட்டறையில் எத்தனையோ முறை கழற்றியிருக்கிறேன். எக்ஸ்எல்லில் கிளட்ச் லீவரே இல்லை, ஒரே கியர், முறுக்கினால் நகரும். 1980இல் டிவிஎஸ் 50 வந்ததிலிருந்து நம் ஊர்ப் பால்காரரும் பூக்காரரும் கீரைக்காரரும் இதை நம்பிப் பிழைக்கிறார்கள். அதைக் குறைத்துப் பேசுவதை நான் ஏற்க மாட்டேன்.

நாமக்கல், லாரி ஓட்டுநர்: அண்ணே, நான் ஒன்று சொல்ல வேண்டும். விடியற்காலையில் மூட்டையோடு போகும் எக்ஸ்எல் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. டெயில் லைட்டைச் சாக்கு மூடிவிடுகிறது. பைபாஸில் நாற்பதில் போகிறார்கள்.

இதை எல்லாரும் படிக்க வேண்டும். எக்ஸ்எல் ஊருக்குள் ஓடும் வண்டி, நான்கு வழிச் சாலைக்கு அல்ல. அந்த ஒரே கியரில் 50ஐத் தாண்டினால் இன்ஜின் கதறும், அதற்கு மேல் வேகம் எடுக்க அதில் ஒன்றுமில்லை. ஒட்டன்சத்திரத்துக்காரர் பைபாஸில் ஏறாமல் ஊர் வழியாகப் போக முடியுமா என்று பாருங்கள். சாக்கின் பின்பக்கம் சிவப்பு ரிப்ளெக்டர் பட்டை ஒன்றைக் கட்டுங்கள், விலை சொற்பம்.

தஞ்சாவூர்: பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்எல்லின் இழுவை இந்த ஃபோர் ஸ்ட்ரோக்கில் இல்லை என்பதை ஒப்புக்கொள்வீர்களா?

அடி இழுவையில் பழையது கெட்டிதான். ஆனால் பெட்ரோலோடு ஆயில் கலப்பதும், புகையும், சைலன்சர் அடைப்பும் அதோடு வந்தன. தினசரி வியாபாரத்துக்குப் புதியதே மேல்.

நாகர்கோவில்: எக்ஸ்எல்லுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்கிறார்கள். 17 வயது மகனுக்கு வாங்கித் தரலாமா?

கூடாது. 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சிசிக்குள் கியரில்லாத வண்டிக்கு மட்டும். எக்ஸ்எல் 100 என்பது 99.7 சிசி. சிறுவர் ஓட்டிக் குற்றமானால் 2019 சட்டத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு ஒரு வருடம் ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. அடுத்த வருடம் வரை பஸ்ஸில் போகட்டும்.

எக்ஸ்எல் பற்றி இன்னும் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன, ஆனால் மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். இதோடு நிறுத்துகிறேன்.

விழுப்புரம், பட்டதாரி: ஐயா, முதலிலேயே கேட்டேன், பதில் வரவில்லை. 45,000க்குள் செகண்ட் ஹேண்ட் பைக் பார்க்கிறேன். எப்படிப் பார்த்து வாங்குவது?

காத்திருக்க வைத்துவிட்டேன் தம்பி, இதோ.

காலையில் போங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றியிருக்கிறார்கள். ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜினில்தான் ஸ்டார்டிங் கோளாறும், முதல் நிமிடத்து நீலப் புகையும் தெரியும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, செலவு பெரியது.

பிறகு நடு ஸ்டாண்டு போட்டு, ஒருவரைப் பின்னால் அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டில்பாரை ஒரே விரலால் மெதுவாக இடம் வலம் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்த மாதிரி சொடுக்கி நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) போயிருக்கிறது. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள், ஆடினால் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷோ வீல் பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. ஸ்பிராக்கெட் பல் ஒரு பக்கம் வளைந்து கூர்மையாக இருந்தால் செயின் செட்டே மாற்ற வேண்டும். இவற்றுக்கெல்லாம் பட்டறையில் ஒரு தொகை கேட்டு, சொன்ன விலையில் கழியுங்கள்.

விலைக்கு இன்னொரு பிடி. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 ஆனது. அதனால் எக்ஸ்ஷோரூம் விலை எட்டு சதவீதத்தை ஒட்டிக் குறைந்தது. அதற்கு முன் வாங்கியவர் தன் பழைய பில்லைக் காட்டி விலை சொல்வார். நீங்கள் இன்றைய புது வண்டி விலையிலிருந்து கழித்து வாருங்கள்.

ஹேண்டிலுக்குக் கீழே ஃபிரேமில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரை ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் ஹைப்பாதிகேஷன், இன்சூரன்ஸ் தேதி, பாக்கி அபராதம் எல்லாம் பாருங்கள். ஃபாரம் 29, 30 கையெழுத்தானதும் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று புரோக்கர் சொல்வதைக் கேட்காதீர்கள். விற்பவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

திருச்சி: ஆன்ரோடு 1,05,000 சொல்கிறார்கள். சரியா?

வேலூர்: ஆன்ரோடு 98,000. நியாயமான விலையா?

காஞ்சிபுரம்: ஆன்ரோடு எவ்வளவு வரும்?

மூவருக்கும் ஒரே பதில், மதுரைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். மொத்தத் தொகையை மட்டும் வைத்து என்னால் எதுவும் சொல்ல முடியாது. வரி வரியாகக் கொட்டேஷன் வாங்கி அனுப்பினால் எந்த வரியை வெட்டலாம் என்று சொல்கிறேன்.

தேனி, ஆசிரியை: உயரம் ஐந்து அடி. ஸ்கூட்டர் எங்கள் ஊர்ப் பள்ளத்தில் குதிக்கிறது. பைக் ஓட்டலாமா?

தாராளமாக ஓட்டலாம் அம்மா. உங்கள் சந்தேகம் சரிதான். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும், பைக்கின் பெரிய சக்கரம் அதைக் கடந்துவிடும். ஷைன் 100 எடை 99 கிலோதான், சீட் உயரம் 786 மி.மீ. ஸ்பிளெண்டர் 785, எடை 112. இரண்டிலும் உட்கார்ந்து, வண்டியைப் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். காலால் தள்ள முடிகிற வண்டியே உங்களுக்குச் சரி. கால் எட்டவில்லை என்று சஸ்பென்ஷனை மாற்றச் சொல்லாதீர்கள், சீட்டுக்குள் இருக்கும் ஃபோமைக் கொஞ்சம் செதுக்கினாலே போதும்.

இந்த வண்டிகளில் சிபிஎஸ் இருக்கிறது. பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு பிடிக்கும். அதற்காக முன் பிரேக்கைத் தனியாகப் பிடிக்கும் பழக்கத்தை விடாதீர்கள்.

கோவை: எலக்ட்ரிக் வாங்கலாமா?

அந்த வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள். நான் பெட்ரோல் இன்ஜின் ஆள்.

பொள்ளாச்சி: டிசம்பர் கடைசியில் தள்ளுபடி தருகிறார்கள். வாங்கலாமா?

தள்ளுபடி நல்லதாக இருந்தால் வாங்கலாம். ஆனால் ஆர்சியில் தயாரிப்பு மாதமும் வருடமும் பதிவாகும். ஒரு வாரம் கழித்து ஜனவரியில் பதிந்தாலும் அது போன வருட வண்டி, விற்கும்போது அப்படித்தான் மதிப்பார்கள். இரண்டு மூன்று வருடத்தில் விற்கும் எண்ணம் இருந்தால் அந்த இழப்பைத் தள்ளுபடியிலிருந்து கழித்துப் பாருங்கள். பத்து வருடம் ஓட்டப் போகிறீர்கள் என்றால் தயங்காமல் டிசம்பரிலேயே எடுங்கள், கொட்டேஷனை மட்டும் வரி வரியாக வாங்கிவிடுங்கள்.