கடினமான பாதை, ஆபத்தான பாதை

அன்புள்ள ஐயா,

காடு மேடுகளில் ஓட்டுவதற்கென்றே செய்யப்பட்ட டர்ட் பைக் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். நான் வண்டி வாங்கி ஒரு வருடம் ஆகிறது. வார இறுதிகளில் நண்பர்களோடு காட்டுப் பாதைகளில் ஓட்டுகிறேன். எங்களில் நன்றாக ஓட்டக்கூடியவர் போன மாதம் ஒரு செங்குத்தான இறக்கத்தில் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். வண்டியை விற்றுவிடச் சொல்கிறார் மனைவி. நண்பர்களோ, "பயமில்லாத பாதையில் என்ன கிக் இருக்கிறது?" என்கிறார்கள்.

அடுத்ததாக ஒரு மலை விளிம்புப் பாதைக்குப் போகத் திட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் பாறைச் சுவர், மறுபக்கம் அதல பாதாளம், நடுவில் ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். காணொளியில் பார்த்ததிலிருந்து போகவேண்டும் என்று ஆசையாகவும் இருக்கிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. ஆபத்தை எடுத்துவிட்டால் இந்த விளையாட்டில் ஏதாவது மிஞ்சுமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மிஞ்சும். நிறையவே மிஞ்சும்.

உங்கள் நண்பர்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு பாதை எவ்வளவு கடினம் என்பது ஒன்று. அதில் தவறினால் என்ன ஆகும் என்பது வேறொன்று. உருண்டைக் கற்கள் நிறைந்த ஓடைப் படுகையை எடுத்துக்கொள்ளுங்கள். நடை வேகத்தில்தான் போக முடியும். முன் சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் ஒவ்வொரு பக்கம் இழுக்கும். கிளட்சைப் பாதி பிடித்தபடியே ஏறவேண்டும். அடிக்கடி விழுவீர்கள். பூட்ஸும் முழங்கால் கவசமும் இருந்தால் பெரும்பாலும் சிராய்ப்போடும் வளைந்த லீவரோடும் போய்விடும்.

நீங்கள் சொல்லும் விளிம்புப் பாதை நேர் எதிர். தடம் சமமாக இருந்தால் புதிதாக ஓட்டுகிறவர்கூட அதைக் கடந்துவிடலாம். ஆனால் ஹேண்டில்பாரின் முனை ஒரே ஒரு முறை பாறைச் சுவரில் இடித்தால் போதும். சக்கரம் சுவர்ப் பக்கம் திரும்பும், வண்டியும் ஆளும் வெளிப்பக்கம் சாய்வார்கள். அங்கே தரை இல்லை.

நான் இந்த விளையாட்டில் தேடுவது முதல் வகையைத்தான். சாலை வண்டியில் சக்கரம் சறுக்கினால் ஏதோ தப்பாகிவிட்டது என்று அர்த்தம். டர்ட் பைக்கில் சறுக்கல்தான் இயல்பு. அதற்காகவே செய்யப்பட்ட வண்டி அது. எடை நூறு கிலோவை ஒட்டித்தான் இருக்கும், சஸ்பென்ஷன் ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் அமுங்கி எழும். டயர் கல்லைக் கவ்விக்கொள்ளட்டும் என்று பலரும் காற்றை 12, 15 பிஎஸ்ஐ வரை குறைத்து ஓட்டுகிறார்கள். கால் வைக்கும் ஃபுட்பெக்கில் எழுந்து நின்று, முழங்கால்களால் வண்டியை அணைத்து, கைகளைத் தளர்வாக விடும்போது வண்டி உங்களுக்குக் கீழே தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டு போகும். நீங்கள் அதை அடக்குவதில்லை, போகவிட்டுத் திருப்புகிறீர்கள். ஈரமான வேர்கள் குறுக்கே ஓடும் ஏற்றத்தில் த்ரோட்டிலை ஒரு நூல் கூடுதலாகத் திறந்தால் பின் சக்கரம் வெறுமனே சுற்றும், ஒரு நூல் குறைந்தால் வண்டி நின்றுவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டு மேலே வந்து சேர்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்குப் பக்கத்தில் பள்ளத்தாக்கு எதற்கு?

ஆஸ்திரியாவில் எர்ஸ்பெர்க் என்ற இரும்புச் சுரங்க மலையில் நடக்கும் என்டூரோ, அதாவது கரடுமுரடான பாதைகளில் நீண்ட நேரம் ஓட்டும் பந்தயம், உலகிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று. பிரதான பந்தயத்தில் 500 பேர் புறப்படுவார்கள், நான்கு மணி நேர வரம்புக்குள் மிகச் சிலரே முடிப்பார்கள். 2015-இல் முன்னணியில் இருந்த நான்கு பேர், ஜானி வாக்கர், கிரஹாம் ஜார்விஸ், ஆல்ஃபிரடோ கோமெஸ், ஆண்ட்ரியாஸ் லெட்டன்பிஷ்லர், ஒரு சரிவில் மாட்டிக்கொண்டார்கள். தனியாக யாராலும் வண்டியை மேலே கொண்டுபோக முடியவில்லை. போட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு ஒருவர் வண்டியை மற்றவர்கள் இழுத்தும் தள்ளியும் ஏற்றினார்கள். பிறகு ஒன்றாகவே முடித்தார்கள், நால்வரும் வெற்றியாளர்களாக அறிவிக்கப்பட்டார்கள். உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டுநர்கள் நடை வேகத்துக்கும் குறைவாக, வியர்த்து வழிந்து, கைகளால் வண்டியைத் தூக்கிய பந்தயம் அது. இந்த விளையாட்டின் உச்சங்களில் ஒன்றாக அதைத்தான் நான் சொல்வேன்.

வேகம் சேர்ந்தால் கதை மாறிவிடும். மணிக்கு 20 கிலோமீட்டரில் மோதுவதைவிட 60-இல் மோதும்போது உடல் வாங்கும் ஆற்றல் மூன்று மடங்கு அல்ல, ஒன்பது மடங்கு. பாலைவனங்கள் வழியாகப் பல நாட்கள் நடக்கும் டக்கார் ராலியை முடித்த முதல் இந்தியரான சி.எஸ். சந்தோஷ் 2021-இல் அதே ராலியில் விழுந்து தலையில் அடிபட்டு, மருத்துவர்களே அவரை மயக்க நிலையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, உலகப் பட்டம் வென்றிருந்த பாவ்லோ கொன்சால்வெஸ் அங்கே விழுந்து இறந்தார். அனுபவம், கவசம், மருத்துவ ஹெலிகாப்டர் எல்லாம் உள்ள இடத்திலேயே இப்படி. வார இறுதியில் காட்டுக்குப் போகிற நம்மிடம் இருப்பது ஒரு முதலுதவிப் பையும் பக்கத்தில் நிற்கும் நண்பனும்தான். அந்த நண்பனும் இல்லாமல் தனியாகப் போவதை மட்டும் என்னால் எந்த விதத்திலும் ஏற்க முடியாது. மூன்று பேர் சரியான கணக்கு. ஒருவர் விழுந்தால் ஒருவர் கூட இருக்க, இன்னொருவர் உதவி தேடிப் போகலாம்.

உங்கள் நண்பர் விழுந்தது எப்படி என்று எழுதவில்லை. இறக்கத்தில் விழுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விழுகிறார்கள். பயந்து கிளட்சைப் பிடித்துவிடுவார்கள், இன்ஜினின் பிடிப்பு போய் வண்டி ஓட ஆரம்பிக்கும், உடனே முன் பிரேக்கை அழுத்துவார்கள், முன் சக்கரம் வழுக்கிவிடும். இறங்கவேண்டிய முறை இது: குறைந்த கியர், இடுப்பைப் பின்னால் தள்ளி நிற்பது, ஒற்றை விரலால் முன் பிரேக், கண் பத்துப் பதினைந்து அடி முன்னால். கண் முக்கியம். எதைப் பார்க்கிறீர்களோ வண்டி அங்கேதான் போகும். விளிம்புப் பாதையில் பள்ளத்தைப் பார்க்கிறவருக்கு நேர்வதும் அதுதான்.

அப்புறம் களைப்பு. "கடைசியாக ஒரு ரவுண்டு" என்று யாராவது சொன்னால் நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுவேன். ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்துப் பிடித்து முன்கை கல்லாகிவிட்டால் விரல் பிரேக்குக்குப் போகவே நேரமெடுக்கும். அந்த நிலையில் எளிய பாதையும் ஆபத்தான பாதைதான். முன்னே போகிறவரின் புழுதிக்குள் ஓட்டுவதும் அப்படியே. புழுதி அடங்கும்வரை நில்லுங்கள், அவர் எங்கும் ஓடிவிடமாட்டார்.

உங்கள் மனைவி பயப்படுவது முழுக்க நியாயம்தான். அவரிடம் இந்த விளையாட்டு பாதுகாப்பானது என்று மட்டும் சொல்லாதீர்கள், அது உண்மையில்லை. காறை எலும்பும் மணிக்கட்டும் முறிவது இதில் சாதாரணம். எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்குள் திரும்புவோம், தாமதமானால் யாரை அழைக்கவேண்டும் என்பதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். செல்போன் சிக்னல் இல்லாத இடமென்றால் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைக் குழுவாகச் சேர்ந்து வாங்கலாம். எந்தப் பாதைக்குப் போகமாட்டேன் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அதை நண்பர்கள் முன்னாலும் காப்பாற்றுங்கள்.

அந்த விளிம்புப் பாதையைப் பற்றிக் கேட்டால், நான் போகமாட்டேன், நீங்களும் இப்போது போகவேண்டாம் என்றே சொல்வேன். நண்பர்கள் விடமாட்டார்கள் என்றால் அந்தத் தூரத்தை முதலில் நடந்து பாருங்கள். நடக்கும்போதே கால் கூசினால் வண்டியோடு போக ஒரு காரணமும் இல்லை. அந்த வார இறுதியை ஓடைப் படுகையில் கழியுங்கள், வர விரும்புகிறவர்கள் கூட வருவார்கள்.

காறை எலும்பு முறிந்த நண்பரிடம் ஒன்று விசாரியுங்கள். விழுந்தபோது அவர் ஹெல்மெட் தரையில் அடித்ததா? அடித்திருந்தால், வெளியே கீறலே இல்லையென்றாலும் மாற்றச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் மறுபடி எழாது. எலும்பு கூடிய பிறகும் மருத்துவர் சொல்லும்வரை அவர் வண்டியைத் தொடவேண்டாம்.

அன்புடன்.