மேற்கோள் குறி போட்டதும் தமிழ்ப் பக்கங்கள் மறைவது ஏன்?

கேள்வி: கூகுளில் "மேட்டூர் அணை நீர்மட்டம்" என்று மேற்கோள் குறிக்குள் தேடினால் கொஞ்சம் பக்கங்களே வருகின்றன. குறியை எடுத்தால் சம்பந்தமில்லாததெல்லாம் வந்து குவிகிறது. என்ன வழி?
– தருமபுரி வாசகர்

பதில்: மேற்கோள் குறிக்குள் போட்டதை எழுத்துப் பிசகாமல் தேடச் சொல்கிறீர்கள். தமிழிலோ உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். ஒருவர் "மேட்டூர் அணையின் நீர்மட்டம்" என்பார், இன்னொருவர் "நீர் மட்டம்" என்று பிரித்து எழுதுவார். இரண்டுமே உங்கள் வலையில் சிக்காது. ஒற்றும் இதே வேலையைச் செய்யும்: "கூட்டுறவுக் கடன்" என்று தேடினால் "கூட்டுறவு கடன்" என்று எழுதிய பக்கம் தப்பிவிடும்.

முழுத் தொடரையும் பூட்டாதீர்கள். மேட்டூர் என்பதை மேற்கோள் குறிக்கு வெளியே தட்டி, பிறகு "நீர்மட்டம்" ஆர் "நீர் மட்டம்" ஆர் "நீர்மட்டத்தை" என்று தட்டுங்கள். ஆர் என்பது 'அல்லது' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் (OR); அதைப் பெரிய எழுத்தில்தான் தட்ட வேண்டும். சின்ன எழுத்தென்றால் சாதாரணச் சொல்லாகிவிடும். "அணை" என்பதற்குப் பின்னால் நட்சத்திரக் குறி போட்டால் அணையின், அணைக்கு எல்லாம் வரும் என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். கூகுளில் அந்தக் குறி முழுச் சொல்லுக்குத்தான் இடம் பிடிக்கும், உருபுக்கு அல்ல.

கேள்வி: தமிழக அரசாணையின் பிடிஎஃப் மட்டும் வேண்டும். எப்படித் தேடுவது?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: தேடும் சொற்களுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டு, சைட்:டிஎன்.கவ்.இன் என்றும், மறுபடி இடைவெளி விட்டு ஃபைல்டைப்:பிடிஎஃப் என்றும் தட்டுங்கள். இவை எல்லாம் ஆங்கில எழுத்தில் (site:tn.gov.in filetype:pdf). முதலாவது தமிழக அரசின் தளத்துக்குள் மட்டும் தேடச் சொல்லும், இரண்டாவது பிடிஎஃப் கோப்பை மட்டும் கேட்கும். முக்காற்புள்ளிக்குப் பின்னால் மட்டும் இடைவெளி கூடவே கூடாது; விட்டால் கட்டளை வேலை செய்யாது. முகவரிக்கு முன்னால் மூன்று டபிள்யூ சேர்க்காதீர்கள். சேர்த்தால் அந்த ஒரு முகவரிக்குள் மட்டும் தேடும். சேர்க்காவிட்டால் அதன் கிளைத் தளங்களும் உள்ளே வரும்.

அப்படியும் பழைய ஆணை அகப்படவில்லையா? அது யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத எழுத்துருவில் இருக்கலாம். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல்தான். யூனிகோடில் இல்லாத கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது வேறு குறியீடு, தமிழ்ச் சொல்லால் அது பிடிபடாது. ஆணை எண்ணையும் ஆண்டையும் கொண்டு தேடிப் பாருங்கள்.

கேள்வி: வேங்கை மரத்தைப் பற்றித் தேடினால் புலியாக வருகிறது!
– சேலம் வாசகர்

பதில்: வேங்கை மரம் -புலி என்று தட்டுங்கள். கழித்தல் குறிக்கு முன்னால் இடைவெளி உண்டு, பின்னால் கிடையாது. ஆனால் இரு பொருளையும் விளக்கும் நல்ல கட்டுரையும் இதில் அடிபட்டுப் போகும். அதனால் முதலில் "வேங்கை மரம்" ஆர் "வேங்கை மரத்தின்" என்று பார்த்துவிட்டு, அது போதாதபோது கழியுங்கள்.