திதிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு…

கேள்வி: வயது 43. கொடைக்கானல் பக்கம் வில்பட்டியில் பூண்டு, கேரட் போடுகிறேன். சீசனில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுவேன். தங்க வந்த ஒருவர் காட்டிய வீடியோவைப் பார்த்ததிலிருந்து கைட் சர்ஃபிங் (பெரிய பட்டம் இழுக்க, பலகையில் நின்று கடலில் ஓடுவது) கற்க ஆசை. ராமேஸ்வரம் பக்கம் இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஒன்றில் மூன்றே நாளில் பலகையில் ஓட வைப்பதாக உறுதி தருகிறார்கள், கட்டணமும் குறைவு. இன்னொன்றில் மணிக்கணக்கில் காசு, படிவம் மேல் படிவம், வீட்டு ஆள் ஒருவர் போன் நம்பர் கட்டாயமாம். எதில் சேரலாம்? இந்த வயதில் வருமா? பெரியகுளத்தில் மாமா வீட்டுக் கிணற்றில் பழகிய நீச்சல் தெரியும். அம்மாவுக்குக் கடல் என்றாலே தனுஷ்கோடிப் புயல்தான் ஞாபகம். அதனால் தை அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டேன், அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை.

பதில்: வயது விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வரும். சரிவில் மண்வெட்டி போடுகிற உடம்பு உங்களுடையது. தவிர, இந்த விளையாட்டில் இழுப்பைத் தாங்குவது இடுப்பில் கட்டும் பட்டை, கை இல்லை. கைக்குப் பதமாகப் பிடிக்கிற வேலைதான். முரட்டுத்தனமாக இழுக்கிற இருபது வயதுப் பையன்களைவிட நாற்பதில் வருகிறவர்கள் சொன்னபடி கேட்பார்கள்.

இப்போது கடைசி வரிக்கு வருகிறேன். "அதில் ஒன்றும் பிரச்சினை இல்லை" என்கிறீர்கள். தம்பி, உங்கள் கடிதத்தில் இருக்கிற ஒரே பிரச்சினை அதுதான்.

நீங்கள் எழுதவில்லை, ஆனால் எனக்குத் தெரியும்: உங்கள் அம்மா இந்நேரம் எள்ளைக் கல் பார்த்துப் புடைத்து, பச்சரிசியோடு ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து வைத்திருப்பார். அப்பா பெயரையும் கோத்திரத்தையும் மறக்காமல் சொல்லு என்று இரண்டு முறை சொல்லியிருப்பார். அந்த முடிச்சை என்ன செய்வதாக உத்தேசம்? கடற்கரையில் கொட்டிவிட்டு, வெறும் துணியை மடித்துக்கொண்டு வந்து அவர் கையில் கொடுப்பீர்களா? "நல்லபடியா ஆச்சா?" என்று கேட்டால் முகத்தைப் பார்த்துத் தலையாட்டுவீர்களா?

எனக்கு இப்படிக் கடிதங்கள் புதிதில்லை. வீட்டுக்குத் தெரியாமல் பைக்கில் லடாக் போனவர், ஆபீஸ் வேலை என்று சொல்லி மாரத்தான் ஓடியவர் எல்லாம் எழுதியிருக்கிறார்கள். அவர்களை நான் இவ்வளவு திட்டியதில்லை. இறந்த அப்பாவைச் சாக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. திதியில் நம்பிக்கை இல்லையென்றால் கொடுக்காதீர்கள், அது உங்கள் இஷ்டம். நம்புகிற அம்மாவிடம் அதை வைத்துப் பொய் சொல்லக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

இன்னொன்று, மனைவியைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. "வீட்டில்" என்ற ஒரே வார்த்தைக்குள் அவரையும் போட்டு மூடிவிட்டீர்கள்.

இப்போது பள்ளிக்கு வருவோம், இரண்டும் ஒரே கேள்விதான். இரண்டாவது இடத்தின் படிவங்களைப் பற்றிச் சலித்துக்கொள்கிறீர்களே, உங்களை உறுத்தியது எந்தக் கட்டம்? வீட்டு நம்பர் கேட்ட கட்டம். தோள்பட்டை பிசகினால் மனைவிக்குப் போன் போகும், திதி கொடுக்கப் போனவர் கடலில் எப்படி விழுந்தார் என்று அவர் கேட்பார். அதனால்தான் நம்பர் கேட்காத இடம் உங்களுக்கு இனிக்கிறது. ஆனால் யாருக்குத் தகவல் சொல்வது என்று கேட்காதவன், தகவல் சொல்லவேண்டிய நிலை வருவதைப் பற்றி யோசிக்காதவன். அவனிடம் என் வீட்டுப் பிள்ளையை அனுப்பமாட்டேன்.

மூன்று நாள் உறுதியாம்! காற்று என்ன அவர்கள் வீட்டு சீலிங் ஃபேனா? வாடை அடிக்கிற மாதத்திலும் சில நாள் ஓய்ந்து கிடக்கும். அதனால்தான் ஒழுங்கான இடங்களில் மணிக்கணக்கில் வாங்குகிறார்கள்: காற்று இல்லாத நாளுக்குக் காசு இல்லை. சாதாரணமாக ஒருவருக்கு அடிப்படை பிடிபடப் பத்து மணி நேரமாவது வேண்டும். அதில் பாதி பலகையைத் தொடாமலே போகும். முதலில் மணலில் சின்னப் பட்டம். அப்புறம் பெரிய பட்டத்தைக் காற்றடித்துக் கட்டுவது, அவசரத்தில் அதைக் கழற்றிவிடும் கொக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு இழுக்கப் பழகுவது. பிறகு பட்டம் இழுக்க, உடம்பை மட்டும் தண்ணீரில் விட்டுப் போவது. பலகை கடைசியில்தான். பத்துச் சதுர மீட்டர் துணி இருபது மீட்டருக்கு மேல் நீளமான கயிறுகளில் இழுக்கிறது. ஆளை அலாக்காகத் தூக்கிவிடும். அவசரமாகச் சொல்லிக்கொடுக்கிற சமாசாரமில்லை.

போன் போட்டுக் கேளுங்கள்: ஐ.கே.ஓ. என்ற சர்வதேச கைட்போர்டிங் அமைப்பின் சான்றிதழ் இருப்பது பள்ளிக்கா, எனக்குச் சொல்லித்தரப்போகிற ஆளுக்கா? ஒருவருக்கு எத்தனை மாணவர்? மீட்கப் படகு உண்டா, ஹெல்மெட்டில் ரேடியோ உண்டா? எந்தக் காற்றில் எந்தக் கரை? ராமேஸ்வரம் தீவு என்பதால் இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். வடகிழக்குக் காற்று தெற்குக் கரையில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும், கற்றுக்குட்டியை ஆழத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும். இதற்கு மழுப்பினால் போனை வைத்துவிடுங்கள். கிணற்று நீச்சல் ஆரம்பத்துக்குப் போதும், ஆனால் கிணற்றில் நாலு பக்கமும் சுவர் இருந்தது. படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

அம்மாவின் பயத்தைச் சிரித்து ஒதுக்காதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி ரயிலையே கடல் கொண்டுபோனது. கதை கேட்டு வளர்ந்த தலைமுறை அது. ஆனால் அவருக்குத் தெரியாதது, இவர்கள் ஆரம்பப் பாடம் சொல்லித்தருவது நெஞ்சளவுத் தண்ணீரில் என்பது. நீங்கள் சொன்னால்தானே தெரியும்? 43 வயதுக்காரரை அனுமதி வாங்கச் சொல்லவில்லை. "போய்ட்டு வரேன்" என்று சொல்லாமல் வாசல் தாண்டாத ஊரில், எங்கே போகிறோம் என்பதைச் சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறேன். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். வைத்துக்கொள்ளட்டும்.

ஆகவே இன்றிரவே மனைவியிடம் சொல்லுங்கள், படிவத்தில் அவர் நம்பரை எழுதுங்கள். தை அமாவாசையன்று ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடமிருக்காது, அந்த நாளை அப்பாவுக்கு விடுங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், அக்னி தீர்த்தக் கரையில் அவர் முடிந்து தந்த எள்ளை அவர் கண் முன்னால் இறையுங்கள். வகுப்பை இரண்டு நாள் தள்ளி வையுங்கள். காரில் அம்மாவுக்கு முன் சீட். வத்தலக்குண்டு இறங்கும் வரை வளைவுகளில் அவருக்குக் குமட்டும், கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுங்கள்.