வாசல்வரை போன போலீஸ்காரர் (கடிதம்)

வணக்கம் சார்,

நீங்கள் பரிந்துரைத்த அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோ மக்களைப் பற்றிய அந்தத் துப்பறியும் நாவலைப் படித்தேன். பாதியிலேயே கொலைகாரன் யாரென்று தெரிந்துவிடுகிறது. நவஹோ போலீஸ்காரர் அந்த வெள்ளைக்காரனின் வாசல்வரை போய்ப் பேசிவிட்டுச் சும்மா திரும்புகிறார். பெரிய ஓட்டை இல்லையா? அப்புறம், பழங்குடித் தலைவரையே லஞ்சப் பேர்வழியாகக் காட்டுவது அந்த மக்களை இழிவுபடுத்துவதாகாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஓட்டை உண்டு. போட்டது அமெரிக்க உச்ச நீதிமன்றம். பழங்குடி அல்லாதவர்களைக் குற்ற வழக்கில் விசாரிக்கப் பழங்குடி நீதிமன்றங்களுக்கு அதிகாரமில்லை என்று 1978இல் தீர்ப்பானது. பின்னாளில் குடும்ப வன்முறை போன்ற சிலவற்றுக்கு விலக்கு வந்தது, கொலைக்கு இல்லை. செத்தவர் நவஹோ, கொன்றவன் வெள்ளைக்காரன் என்றால் மத்திய அரசின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. வரவேண்டும்; 2022இல் வந்த தீர்ப்புக்குப் பிறகு மாநிலமும் வழக்குத் தொடரலாம். இருவரும் வெள்ளைக்காரர்கள் என்றால் மாநிலத்தின் வழக்கு. இருவருமே நவஹோ என்றாலும் 1885ஆம் வருடச் சட்டப்படி மத்திய அரசு கொலை வழக்கைக் கையில் எடுக்கலாம். நம் போலீஸ்காரர் ஆளைத் தடுத்து வைத்து ஒப்படைக்கலாம், அதுவும் நவஹோ நிலத்தின் எல்லைக்குள் சிக்கினால். அந்த வீடு நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், எல்லைக்கு வெளியே இருக்கிறதே, கவனிக்கவில்லையா?

தலைவர் விஷயத்தில் நாவல் அடக்கித்தான் வாசித்திருக்கிறது. பீட்டர் மெக்டொனால்ட் என்று நிஜமாகவே ஒரு தலைவர் இருந்தார். 1987இல் நவஹோ அரசு அரிசோனாவில் ஒரு பெரிய பண்ணையை 3.34 கோடி டாலருக்கு வாங்கியது. விற்ற இடைத்தரகர் அதைச் சற்றுமுன்தான் சுமார் 2.6 கோடிக்கு வாங்கியிருந்தார். லாபத்தில் தலைவருக்கும் பங்கு. செனட் விசாரணையில் அவர் மகனே சாட்சி சொன்னார்: பணத்துக்குச் சங்கேதச் சொல் 'கோல்ஃப் பந்து', ஒரு பந்து என்றால் ஆயிரம் டாலர். உலகப் போரின்போது நவஹோ மொழியில் சங்கேதச் செய்தி அனுப்பப் பயிற்சி பெற்றவர் மெக்டொனால்ட் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். எந்த நாவலாசிரியனும் இதை எழுதத் தயங்குவான்.

1989இல் அவரைப் பதவியிலிருந்து ஒதுக்கி வைத்தது நவஹோ கவுன்சில்தான். அந்த ஜூலையில் தலைநகர் விண்டோ ராக்கில் கலவரம், பழங்குடிப் போலீஸ் சுட்டதில் அவர் ஆதரவாளர்கள் இருவர் செத்தார்கள். பிறகு தலைவரின் அதிகாரத்தைப் பிரித்துப் போட்டதும் அவர்களேதான். இதில் இழிவு எங்கே?

எனக்கு உறுத்தியது வேறு. நவஹோ வழக்கப்படி வீட்டுக்குப் போனால் கதவைத் தட்டுவதில்லை. வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார்கள், வீட்டுக்காரர் வெளியே வரும்வரை. அந்தப் போலீஸ்காரர் கொலைகாரன் வீட்டு வாசலிலும் அப்படியே காத்திருக்கிறார். அவனுக்கு எதற்கு அந்த மரியாதை?