மஞ்சள் சீட்டு ஒட்டிய நாவல்

வணக்கம் மேடம்,

1999-ல் கல்யாணமான மூன்றாவது மாதம் கணவரைச் சார்ந்து வருகிறவர்களுக்கான எச்-4 விசாவில் அமெரிக்காவின் நியூஜெர்சி எடிசனுக்கு வந்தவள் நான். அந்த விசாவில் அப்போது வேலைக்குப் போக முடியாது. கார் ஓட்டவும் தெரியாது. 2001-ல் மகள் பிறந்தாள். பனி கொட்டும் நாட்களில் அபார்ட்மெண்டில் அவளும் நானும் மட்டும்தான். பதில் பேசத் தெரியாத குழந்தையிடம் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பேன். இப்போது அவளுக்கு 24 வயது. நியூயார்க்கில் வேலை, ஜெர்சி சிட்டியில் ஒரு தோழியோடு வீடு என்று சொல்லியிருந்தாள். சனிக்கிழமை வந்தால் ஞாயிறு மாலை தோசை மாவும் ரசப்பொடியும் எடுத்துக்கொண்டு ரயிலேறுவாள்.

போன மாதம் சமையல் மேடையில் ஓர் ஆங்கிலக் காதல் நாவலை வைத்துவிட்டுப் போனாள். "படிச்சுப் பாரும்மா" என்று ஒரு மெசேஜ், அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் ஒரு சீன-அமெரிக்கக் குடும்பத்துப் பெண், காதலனோடு வாழ்ந்துகொண்டே வீட்டில் வேறு கதை சொல்கிறாள். ஐந்து இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. ஓர் இடத்தில், மகளோடு சண்டை போட்ட அம்மா மன்னிப்புக் கேட்காமல் ஆரஞ்சை உரித்து, சுளை சுளையாகத் தட்டில் அடுக்கி, அறைக்கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போகிறாள். அந்தச் சீட்டில் 'மாம்பழம்' என்று கோணல்மாணலாகத் தமிழில் எழுதியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அழுதுகொண்டே போனவள்! நானும் திட்டித் தீர்த்துவிட்டு மாம்பழம் நறுக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள்தான்.

போன் போட்டுக் கேட்டேன். கொரியப் பையனாம். இரண்டு வருஷமாகச் சேர்ந்து இருக்கிறார்களாம். என்னிடமே பொய் சொல்லிவிட்டாளே என்றுதான் நெஞ்சு அடைத்தது. "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். மூன்று வாரமாகிறது, அவளும் வரவில்லை. அவள் அப்பாவுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் வீடு ரெண்டாகிவிடும். நான் சொல்வதா, மறைப்பதா?

பெயர் வேண்டாம், எடிசன்

அன்புச் சகோதரிக்கு,

பையனைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். பனி கொட்டிய அந்த அபார்ட்மெண்டைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வலி அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே அவள் உங்களுக்கு மகள் மட்டுமா? பேச்சுத்துணை, ஊர், உறவு எல்லாம் அவளேதான். அப்படி வளர்ந்த பிள்ளைகள் அம்மாவின் முகத்தைப் படித்துப் படித்தே பெரியவர்களாகிறார்கள். எதைச் சொன்னால் இந்த முகம் வாடும் என்று அவர்களுக்கு அத்துப்படி. அதனால்தான் மற்றவர்களிடம் சுலபமாகச் சொல்கிற விஷயத்தை அம்மாவிடம் சொல்ல வாய் வருவதில்லை. பொய்யை நான் நியாயப்படுத்தவில்லை. இரண்டு வருஷம் என்பது நீளம்தான். அது வலித்தது என்று அவளிடம் நேராகவே சொல்லுங்கள்.

அவள் நிலைமையையும் பாருங்கள். அமெரிக்காவில் 18 வயதானால் அவள் பெரியவள். ஆனால் 26 வயது வரை அப்பாவின் மருத்துவக் காப்பீட்டிலேயே இருக்கலாம் என்பதும் அங்கே சட்டம்தான். நம் வீட்டிலோ தாலி ஏறும்வரை குழந்தை. இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் அவள் கண்டுபிடித்த சந்துதான் அந்தத் 'தோழி'. எத்தனையோ பேர் வீட்டில் அப்படி ஒரு 'தோழி' உண்டு.

ஒன்று கேட்கிறேன்: அவன் வீட்டில் இது தெரியுமா? அங்கேயும் ஓர் அம்மா இதே மாதிரி தெரியாமல் இருக்கலாம். அடுத்த முறை பேசும்போது, "எப்போ கல்யாணம்?" என்பதை ஒத்திப்போட்டுவிட்டு இதைக் கேளுங்கள். அவன் என்ன சாப்பிடுவான் என்று கேளுங்கள். (கொரிய மொழியிலும் அப்பாவை 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், தெரியுமா? அறுவடைத் திருநாளுக்கு அவர்கள் எள் பூரணம் வைத்து வேகவைக்கும் சாங்பியான், பார்த்தால் நம் கொழுக்கட்டைக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும்.) கேட்டதாலேயே சம்மதம் சொன்னதாக ஆகிவிடாது. நாவலில் முந்நூறு பக்கத்துக்குள் அம்மா மனம் மாறியாக வேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை.

கணவர் விஷயத்தில் நீங்கள் தபால்காரராக வேண்டாம். சொல்ல வேண்டியவள் அவள். பக்கத்தில் உட்கார வேண்டியவர் நீங்கள். அவளுக்கு ஒரு தேதி கொடுங்கள், இரண்டு மூன்று வாரம் போதும். அதற்கு மேல் மறைத்தால், "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அவர் கேட்கும் நாளில் மகள் விஷயம் பின்னுக்குப் போய், உங்கள் இருவர் சண்டையாகிவிடும்.

முதலில் இந்த மூன்று வார மௌனத்தை உடைக்க வேண்டும். போனை வைத்தது நீங்கள், ஆரம்பிக்க வேண்டியதும் நீங்கள்தான். அவள் பேசுவதற்குப் பயந்து புத்தகத்தைத் தூது விட்டாள். நீங்களும் அதையே திருப்பி அனுப்பலாம். 'மாம்பழம்' என்ற சீட்டுக்குக் கீழே இன்னொரு சீட்டு ஒட்டி, "சனிக்கிழமை வா, நறுக்கி வைக்கிறேன்" என்று தமிழிலேயே எழுதி ஜெர்சி சிட்டி முகவரிக்கு அனுப்புங்கள். எழுத்துக்கூட்டிப் படித்துவிடுவாள்.