மாற்றியங்கள்: கேள்வி பதில்

கேள்வி: சார், சி4எச்10ஓ-வுக்கு எத்தனை அமைப்பு மாற்றியம்? ஒருதடவை ஒன்பது வருது, இன்னொரு தடவை ஆறு.

பதில்: ஏழு. அணுக்கள் அதே, இணைப்பு மட்டும் வேறு என்றால் அமைப்பு மாற்றியம். நாலு கார்பனுக்கு அதிகபட்சம் 10 ஹைட்ரஜன் (4×2+2). பத்தும் இருப்பதால் இரட்டைப் பிணைப்பும் இல்லை, வளையமும் இல்லை. மிஞ்சுவது ஆல்கஹாலும் ஈதரும்தான். நேர்ச்சங்கிலியில் ஓ.எச். உட்கார இரண்டு இடம், கிளைச்சங்கிலியில் இரண்டு: ஆல்கஹால் நாலு. ஈதருக்கு, ஆக்சிஜனின் இரு பக்கமும் கார்பனைப் பங்கு போடுங்க. 2+2 ஒன்று. 1+3-இல் அந்த மூன்று கார்பன் முனையாலும் இணையும், நடுவாலும் இணையும், ஆக இரண்டு. ஒன்பது வந்தது, அதே மூலக்கூறை வளைச்சு வரைஞ்சு மறுபடி எண்ணியதால். ஒவ்வொன்றுக்கும் ஐயுபாக் (சர்வதேச வேதியியல் விதிப்படியான) பெயர் எழுதுங்க. பெயர் ஒன்றானால் மூலக்கூறும் ஒன்று.

கேள்வி: ஆர்-னா வலஞ்சுழிதானே?

பதில்: இல்லவே இல்லை. ஆர், எஸ் என்பது கைரல் கார்பனில் (நாலு வெவ்வேறு தொகுதி தாங்கிய கார்பன்) அந்தத் தொகுதிகளின் முன்னுரிமை பார்த்துக் காகிதத்தில் வைக்கும் பெயர். வலஞ்சுழி என்பது முனைவாக்கிய ஒளியை வலப்பக்கம் சுழற்றுவது; அதைக் கருவியில் அளந்தால்தான் தெரியும். லாக்டிக் அமிலத்தில் எஸ்தான் வலஞ்சுழி.

கேள்வி: மாலியிக், பியூமரிக் அமிலங்களை லேபில் எப்படி அடையாளம் காண்பது?

பதில்: 10 மி.லி. தண்ணீரில் 1 கிராம் போட்டுக் கலக்குங்க. மாலியிக் கரைஞ்சுடும், பியூமரிக் பெரும்பாலும் அடியில் கிடக்கும். மாலியிக்கில் இரு கார்பாக்சில் தொகுதியும் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கம் (பியூமரிக்கில் எதிரெதிர்) என்பதால், சூடாக்கினால் எளிதில் நீரை இழந்து நீரிலியாகும்.

கேள்வி: அலர்ஜி மாத்திரையில் செட்ரிசின், லீவோசெட்ரிசின், எதைச் சாப்பிடலாம்?

பதில்: டாக்டரைக் கேளுங்க. முதலாவது இரு ஆடிப்பிம்பங்களின் சமகலவை, இரண்டாவதில் ஆர் மட்டும்.

கேள்வி: கைரல் கார்பன் இருந்தா ஒளியைச் சுழற்றும், இல்லைன்னா சுழற்றாது. சரியா?

பதில்: இரண்டு பாதியும் தப்பு. டார்டாரிக் அமிலத்தில் அப்படி இரண்டு கார்பன் இருந்தும் மீசோ வடிவம் சுழற்றாது. ஒரு பாதி மற்றதன் ஆடிப்பிம்பம்.

கேள்வி: அப்ப 2ⁿ விதிப்படி நாலு வரணுமே? புத்தகத்துல இருக்கு.

பதில்: 2ⁿ உச்சவரம்பு (n என்பது கைரல் கார்பன் எண்ணிக்கை). இங்கே மீசோவும் அதன் பிம்பமும் ஒன்றே என்பதால் மூன்றுதான்.

கேள்வி (குறுக்கே இன்னொருவர்): கைரல் கார்பனே இல்லாம எப்படிங்க சுழற்றும்?

பதில்: பென்டா-2,3-டையீனை வரைங்க. நடுக் கார்பனின் இரு பை பிணைப்புகளும் ஒன்றுக்கொன்று செங்குத்து. அதனால் ஒரு முனையின் எச், மெத்தில் தரையில் படுத்தால், மறுமுனையின் எச், மெத்தில் நிமிர்ந்து நிற்கும். பிம்பத்தை அசல் மேல் பொருத்திப் பாருங்க, பொருந்தாது; அதான் கைரல். இதற்குப் பந்து-குச்சி மாதிரி கட்டாயம். தாளில் பார்த்துட்டுச் சண்டைக்கு வராதீங்க.

கேள்வி (அதே ஆள்): அப்ப நைட்ரஜனில் மூணு வெவ்வேறு தொகுதி உள்ள அமீனும் கைரல்தானே?

பதில்: நல்ல அடி. கைரல்தான், ஆனால் காற்றில் குடை திரும்புற மாதிரி நைட்ரஜன் நொடிக்குப் பல லட்சம் தடவை புரளும்; பிரிக்க வழியில்லை. புரளவிடாமல் வளையத்தில் பூட்டினால் பிரியும். அப்படி நைட்ரஜன் பூட்டிய ட்ரோகர் காரத்தை 1944-இல் வேதியியலாளர் பிரெலாக் லாக்டோஸ் நிரப்பிய குழாய் வழியே இறக்கிப் பிரித்தார்.

கேள்வி: சார், சி5எச்12ஓ-வுக்கு எத்தனை?

பதில்: முதல் பதிலைப் படிங்க. பதினாலு வரலைன்னா பெயர் எழுதிப் பாருங்க.

கேள்வி: சி4எச்10ஓ-வுக்கு?

பதில்: ஏழு.