முகாமையாளரிடம் இருந்த முகவரி

வாசகர் கேள்வி: எனக்கு 44 வயது. கனடாவில் ரொறன்ரோவுக்கு அருகே ஏஜாக்ஸில் மனைவி, இரண்டு பிள்ளைகள், 76 வயதான என் அம்மா ஆகியோருடன் வசிக்கிறேன். நான் அம்மாவுக்கு ஒரே பிள்ளை. ஏழு வருடங்களாகச் செப்ரெம்பர் கடைசியில் மூன்று நண்பர்களுடன் ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கில் கெனோரா பக்கம் லேக் ஒவ் த வூட்ஸ் ஏரிக்கு மஸ்கி என்ற பெரிய வேட்டை மீன் பிடிக்கப் போய் வருகிறேன். பயணத்தையும் சேர்த்து ஒன்பது நாட்கள். குடி இல்லை, சூதாட்டம் இல்லை, வீட்டுக் காசிலும் கை வைப்பதில்லை. சென்ற வருடம் நாங்கள் ஏரிக்குப் போன இரண்டாம் நாள் அம்மா குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. நாங்கள் தங்கிய தீவில் கைத்தொலைபேசி வேலை செய்யாது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று என்னிடம் உண்டு. அதன் முகவரியை வேலையிடத்து முகாமையாளரிடம் கொடுத்திருந்தேன். அவர் இரண்டு முறை செய்தி அனுப்பினார், பதிலும் போட்டேன். மனைவியிடம் கொடுத்தால் சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் எழுதுவார் என்பதால் கொடுக்கவில்லை. மூன்று இரவுகள் கழித்துக் கெனோராவுக்கு வந்த பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. அம்மா வலியில் குழம்பிப் பேசியதால் சத்திரசிகிச்சைக்கு மனைவியே கையெழுத்திட்டாராம். அம்மா இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். மனைவியோ அந்த ஏரியின் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். இந்த வருடமும் இடம் பதிவு செய்துவிட்டோம். வருடத்தில் ஒன்பது நாட்களை எனக்கென்று கேட்பது தவறா? அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, ஒன்பது நாட்கள் சரியா தவறா என்ற கணக்குக்குள் நான் வரப்போவதில்லை. மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர்களும், கிரிக்கெட் பார்க்க விமானம் ஏறுகிறவர்களும், நண்பர்களோடு மலை ஏறப் போகிறவர்களும் இதே கேள்வியை நாட்களின் எண்ணிக்கையை மட்டும் மாற்றி எனக்கு எழுதியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் நாட்களைவிடப் பெரிய ஒரு வரி இருக்கிறது. அதைப் போகிற போக்கில் எழுதிவிட்டு நீங்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் அதைக் கடந்து போக முடியவில்லை. முகவரி முகாமையாளரிடம் இருந்தது, மனைவியிடம் இல்லை.

தீவில் கைத்தொலைபேசி வேலை செய்யாது என்று எழுதி, பழியை ஏரியின் மேல் போடப் பார்க்கிறீர்கள். அந்த ஏரியில் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றில் தொலைபேசிக் கோபுரமும் இல்லை, மின்கம்பியும் இல்லை என்பதெல்லாம் எனக்கும் தெரியும். அதற்காகத்தானே அந்தக் கருவியை வாங்கினீர்கள்? அந்த வகைக் கருவிகள் பெரும்பாலும் பயன்படுத்துகிற இரிடியம் வலையமைப்பின் 66 செயற்கைக்கோள்கள் பூமியில் ஓர் இடத்தையும் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் முகாமையாளர் கேட்டது அந்த வழியாக வந்தது, நீங்கள் அனுப்பிய பதிலும் அந்த வழியாகவே போனது. ஆகவே வழி திறந்துதான் இருந்தது. உங்கள் அம்மா விழுந்து கிடந்தபோதும் திறந்திருந்தது. அதன் திறப்பை யாரிடம் கொடுப்பது, யாரிடம் கொடுக்காமல் விடுவது என்பதை முடிவு செய்தவர் நீங்கள்.

சின்னச் சின்ன விஷயம் என்கிறீர்கள். உங்கள் மனைவி என்ன எழுதியிருப்பார் என்று ஒருமுறையாவது நினைத்துப் பார்த்தீர்களா? "அம்மா இன்று மத்தியானம் சாப்பிடவில்லை" என்று எழுதியிருக்கலாம். "எழும்பும்போது தலை சுற்றுகிறது என்கிறார், பிரஷர் மாத்திரையை நிறுத்தட்டுமா" என்று கேட்டிருக்கலாம். வயதானவர்கள் விழுவது பல சமயம் இப்படிப்பட்ட சின்ன விஷயங்களுக்குப் பின்னால்தான். இரண்டு நாள் பசியின்மை, புதிதாக மாற்றிய ஒரு மாத்திரை, இரவில் ஒருமுறை கூடுதலாகக் குளியலறைக்குப் போவது, இவற்றையெல்லாம் கவனித்துக்கொண்டு ஒருவர் வீட்டில் இருக்கிறார். அவரைத்தான் நீங்கள் தொந்தரவு என்று கணக்கிட்டீர்கள். உங்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால் அம்மா விழுந்திருக்கமாட்டார் என்று நான் சொல்லவில்லை. எது சின்னது, எது பெரியது என்று தீர்மானிக்கும் உரிமையை, உங்கள் தாயைத் தினமும் தொட்டுத் தூக்குகிறவரிடமிருந்து எடுத்துவிட்டீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

நான் உங்கள் மீன்பிடிப்பை இளக்காரமாக நினைக்கிறவர்களில் ஒருவரல்ல. என் தங்கையின் மகன் இதே பித்துப் பிடித்தவர். ஓர் இலையுதிர் காலத்தில் ஜோர்ஜியன் விரிகுடாவில் அவருடைய படகில் ஒரு பகல் முழுவதும் இருந்தேன். உள்ளங்கை நீளத்தில் தகடும் மயிரும் கட்டிய தூண்டில் இரையை அவர் நூற்றுக்கணக்கான தடவை வீசி வீசி இழுத்தார், ஒன்றும் இல்லை. மாலையில் ஒருமுறை, இரை படகை நெருங்கியபோது, அதன் பின்னால் பழுப்பாக ஒரு நிழல் தெரிந்தது. அவர் மூச்சு விடவில்லை. கோலின் நுனியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, படகின் ஓரத்திலேயே எட்டு என்ற இலக்கம் போல வளைத்து வளைத்துச் சுற்றினார். மஸ்கி படகடி வரைக்கும் பின்தொடர்ந்து வந்து, அந்தக் கடைசித் திருப்பத்தில் அடிக்கக்கூடிய மீன் என்பதும், வெறும் வீச்சு என்று நினைத்துக் கோலை உயர்த்தியவன் அதை இழந்துவிடுவான் என்பதும் அன்றுதான் எனக்கு விளங்கின. அந்த நிழல் இரண்டு சுற்று வந்து கீழே இறங்கிப் போய்விட்டது. அதற்கே அவருடைய கைகள் நடுங்கின.

பத்தாயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்று உங்கள் ஆட்கள் சொல்வார்கள். ஆகவே ஒரு நிழலையும் அற்பம் என்று தள்ளாமல் பார்ப்பதற்கு ஏழு வருடங்களாகப் பழகிய கண் உங்களுடையது. அந்தக் கண்ணை வீட்டுக்குத் திருப்பத் தெரியாதவர் என்று நான் உங்களை மன்னிக்கமாட்டேன். தெரிந்தும் திருப்பவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இனிக் கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். மனைவியே கையெழுத்திட்டாராம் என்று அரை வரியில் முடித்துவிட்டீர்கள். ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டு மருத்துவச் சம்மதச் சட்டத்தின்படி, நோயாளி தானாகத் தீர்மானிக்க முடியாத நிலையில் இருந்தால், அவருக்காகச் சம்மதம் சொல்லக்கூடியவர்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர், அற்றோணித் தத்துவம் (தனக்காகத் தீர்மானிக்க ஒருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) பெற்றவர் போன்றோருக்குப் பின் வாழ்க்கைத் துணை, அதன் பின் பிள்ளைகள். மருமகள் அந்த வரிசையின் அடியில், ஏனைய உறவினர் என்ற இடத்தில்தான் வருகிறார். அந்த வைத்தியசாலையில் முதலில் தேடப்பட்டவர் நீங்கள். "மகன் எங்கே, எப்படிப் பேசலாம்" என்று உங்கள் மனைவியிடம்தான் கேட்டிருப்பார்கள். இடுப்பெலும்பு முறிவுக்கு 48 மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்யவேண்டும் என்பது இங்கே பின்பற்றப்படும் அளவுகோல். ஆகவே யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் தள்ளிப்போடவும் முடியாது. 76 வயதுப் பெண்ணை மயக்க மருந்துக்கு அனுப்பலாமா என்ற தீர்மானத்தை, அவர் பெற்ற மகனுக்குப் பதிலாக, "கணவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும், அவரோடு பேச வழி தெரியாது" என்று தாதியரிடம் சொல்லிக்கொண்டே உங்கள் மனைவி எடுத்திருக்கிறார். மாமிக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் அந்தக் கையெழுத்தைச் சுமந்துகொண்டு இந்த ஊரில் எப்படி நடந்திருப்பார் என்பதையும் யோசியுங்கள். அவர் கோபத்தில் எழுந்து போகிறார் என்று நினைக்கிறீர்கள். நான் அதைக் கோபம் என்று மட்டும் வாசிக்கவில்லை.

இதுவும் உங்களைக் கேட்கவேண்டும். அந்தக் கருவியில் ஆபத்துக்கு அழுத்துவதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மீட்பு மையத்துக்குச் செய்தி போகும், மையம் நீங்கள் பதிவு செய்து வைத்த அவசரத் தொடர்பு எண்ணை அழைக்கும். அந்த இடத்தில் யாருடைய பெயரைக் கொடுத்தீர்கள்? செப்ரெம்பர் கடைசியில் அந்த வடக்கு ஏரியில் தண்ணீர் குளிரத் தொடங்கிவிடும்; தடித்த உடுப்போடு படகிலிருந்து தவறினால் கை கால் விறைக்க அதிக நேரம் எடுக்காது. ஆளுக்கு ஓர் உயிர்காப்பு அங்கி படகில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அதை உடலில் போட்டிருக்கவேண்டும் என்பது உங்கள் பிள்ளைகளுக்காக நான் சொல்வது. நீங்கள் தண்ணீரில் போன செய்தியும் முகாமையாளர் வழியாகத்தான் உங்கள் மனைவிக்கு வந்திருக்குமா? நான் பிறந்த பருத்தித்துறைக் கரையில் கடலுக்குப் போனவர்கள் எந்தத் திசையில் வலை போடுகிறார்கள் என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருக்கும். பொழுது சாய்ந்தும் தோணி வராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் தெரிந்திருக்கும். பிழைப்புக்காகப் போனவர்களே அப்படிச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

தாயைப் பார்ப்பது பெற்ற பிள்ளையின் கடமை என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவர். மாறிவரும் காலம் இதில் என்னை மாற்றவில்லை. மருமகள் செய்வதை நான் கடமை என்று சொல்வதில்லை. அவர் மனமுவந்து செய்கிறார், நீங்கள் அதன் மேல் நின்றுகொண்டு தூண்டில் வீசுகிறீர்கள். தன் கடமையைச் சில நாட்களுக்கு இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகிற எவரும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருக்கவேண்டும். சம்பளம் கொடுக்கிறவருக்கு அப்படி இருந்தீர்கள்.

இந்த வருடம் கெனோராவுக்குப் போகாதீர்கள். பதிவுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும். வாக்கர் பிடித்து நடக்கிற தாயை விட்டுவிட்டு 1,900 கிலோமீற்றர் தள்ளிப் போய் இருப்பதற்கு இது வருடமல்ல. மஸ்கிதான் வேண்டுமென்றால் ஸ்கூகொக் ஏரி உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கிறது. பிஜன், பக்ஹோர்ன் என்று கவார்த்தா ஏரிகள் அதற்கு அப்பால் வரிசையாக இருக்கின்றன. அங்கே மீன் சிறிதாக இருக்கும் என்பீர்கள். இருக்கட்டும். விடியப் போய் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம். உங்கள் நண்பர்கள் உண்மையில் நண்பர்கள் என்றால் அவர்களில் ஒருவராவது உங்களோடு ஸ்கூகொக்குக்கு வருவார்; அந்த மூன்று பேருடைய வீடுகளிலும் இந்த முகவரி யாரிடமாவது இருந்ததா என்பதையும் அப்போது கேளுங்கள்.

அம்மாவின் மனம் தெளிவாக இருக்கிற இப்போதே, சொந்தப் பராமரிப்புக்கான அற்றோணித் தத்துவத்தை யாருக்குக் கொடுக்க விரும்புகிறார் என்று அவரிடமே கேளுங்கள். உங்கள் இருவரையும், ஒவ்வொருவரும் தனியாகவும் தீர்மானிக்கலாம் என்று எழுதி, குறிப்பிட விரும்பினால், இனி ஒரு நாள் வந்தால் உங்கள் மனைவி வரிசையின் அடியில் நிற்கவேண்டியதில்லை. மாகாண அரசின் படிவம் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டு சாட்சிகள் வேண்டும். மகனாகிய நீங்களோ, நியமிக்கப்படுகிறவரோ, அவருடைய துணையோ சாட்சியாக இருக்க முடியாது, ஆகவே அயலவர் இருவரைக் கூப்பிடுங்கள். வீட்டுப் பராமரிப்பை ஒழுங்குசெய்யும் ஒன்ராறியோ ஹெல்த் அட் ஹோம் அமைப்பை அழைத்து, அம்மாவைக் குளிக்க வார்க்க உதவியாளர் வருவதற்கு இடமுண்டா என்றும் கேளுங்கள். இந்த அழைப்பை நீங்கள் எடுக்கவேண்டும், மனைவி அல்ல.

எப்படிப் புரியவைப்பது என்று கேட்டீர்கள். அவருக்கு எல்லாம் புரிந்திருக்கிறது. ஏரியைப் பற்றியும் நாட்களைப் பற்றியும் அவரிடம் ஒரு வார்த்தை பேசவேண்டாம். "உன்னை நம்பி அம்மாவை விட்டேன், ஆனால் என்னைக் கூப்பிடும் உரிமையை உனக்குத் தரவில்லை, அது என் பிழை" என்று, சாக்கு ஒன்றும் சேர்க்காமல் சொல்லுங்கள். உடனே மன்னிப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். பிள்ளைகள் படுத்த பிறகு அந்தக் கருவியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அவசரத் தொடர்பில் இருக்கும் பெயரை அழித்து அவருடைய பெயரை அவர் கண்முன்னே பதியுங்கள். பிறகு கருவியை எடுத்துக்கொண்டு வானம் தெரிகிற இடமாகப் பார்த்துப் பின்முற்றத்தில் போய் நில்லுங்கள். முதல் செய்தியை அவர் உள்ளேயிருந்து அனுப்பட்டும். என்ன எழுதுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். வந்து சேரும் வரைக்கும் குளிரில் நின்று காத்திருங்கள்.